ஐஸ் தண்ணியா, மூணு பேர் முறைப்பா? ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அளக்க எந்த டெஸ்ட்டை எடுக்கறது

போன வாரம் சேலத்துல அஸ்தம்பட்டி பக்கம் தட்டு வடை செட் கடைல நின்னுட்டு இருந்தப்போ தான் இந்தப் பேச்சு ஆரம்பிச்சுது. நான் இருந்த டிபார்ட்மெண்ட்ல எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர் தங்கச்சி ஒருத்தி, பிசியாலஜில தீசிஸ் பண்றா, பிளேட்டைக் கைல வாங்கினதுமே "அக்கா, ஆளுங்களுக்கு லேப்ல ஸ்ட்ரெஸ் குடுத்து அந்த ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்டிசால் எவ்ளோ ஏறுதுன்னு பாக்கணும், கைடு மேடம் ஐஸ் தண்ணில கைய விட வச்சா போதும்ங்கறாங்க, இன்னொரு சார் இன்டர்வியூ மாதிரி பயமுறுத்தற டெஸ்ட் தான் சரிங்கறாரு, எச்சில் எடுக்கறதா ரத்தம் எடுக்கறதான்னும் தெரியல, எதைக்கா எடுக்கறது"ன்னா. அவ கைல இருக்கறது ஒரு ரூமு, அவளையும் சேத்து மூணு பேரு, 40 காலேஜ் பசங்க, ரொம்ப இழுத்துப் புடிச்ச பட்ஜெட். நான் இதே கூத்தை ஒரு தடவ ஆடி முடிச்சவங்கறதால ரெண்டு பிளேட் முடியற வரைக்கும் பேசினேன், ஆனாலும் பாதி விட்டுப் போச்சு, அதான் முழுசா எழுதிடறேன், இதே குழப்பத்துல இன்னும் நாலு பேராச்சும் இருப்பீங்க.

முதல்ல எதை அளக்கப் போறோம்னு தெளிவா இருக்கணும், ஏன்னா முக்காவாசித் தப்பு இங்க தான் நடக்குது. பயம் வந்தா உடம்பு ரெண்டு வழியா வேலை பாக்கும். ஒண்ணு போன் அடிக்கற மாதிரி, நரம்பு வழியா சட்டுனு அட்ரினல் சுரப்பியோட உள்பக்கத்துக்கு தகவல் போயி அட்ரினலின், நார்அட்ரினலின் கொட்டும், நெஞ்சு படபடங்கும், கை வேர்க்கும், எல்லாம் சில நொடில. இன்னொண்ணு தபால் மாதிரி, மூளைல ஹைப்போதலாமஸ்ல இருந்து சிஆர்ஹெச்னு ஒரு ஹார்மோன் கிளம்பி, பிட்யூட்டரி சுரப்பிக்கு வந்து, அங்கிருந்து ஏசிடிஹெச்னு இன்னொரு ஹார்மோன் ரத்தத்துல இறங்கி, அட்ரினலோட வெளிப்பக்கத்துக்குப் போயி, அப்புறமா தான் கார்டிசால் வரும். அதனால இப்ப பயந்தா கார்டிசால் உச்சிக்குப் போக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும். டெஸ்ட் முடிஞ்ச உடனே ஒரே ஒரு சாம்பிள் எடுத்துட்டு "கார்டிசால் ஏறவே இல்ல"ன்னு எழுதி வச்ச ஒரு தீசிஸை நானே பாத்திருக்கேன், பாவம், ஆளு வீட்டுக்குப் போனப்புறம் தான் அவனுக்கு ஏறியிருக்கும்.

சரி, பயத்தை எப்படிக் குடுக்கறது. இதுல தான் சண்டையே.

முதல் ஆப்ஷன் ட்ரியர் சோஷியல் ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஜெர்மனில ட்ரியர் யுனிவர்சிட்டில கிர்ஷ்பாம், பிர்க்கே, ஹெல்ஹாமர்னு மூணு பேரு 1993ல எழுதினது, இன்னிக்கு வரைக்கும் இந்த ஃபீல்டுல யாரு எதைப் புதுசா கொண்டு வந்தாலும் இதோட தான் வச்சுப் பாப்பாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். ஆளைக் கூப்பிட்டு, உங்களுக்கு ஒரு வேலைக்கு இன்டர்வியூ, நீங்க தான் அதுக்குத் தகுதின்னு பேசணும்னு சொல்லி யோசிக்க கொஞ்ச நேரம் குடுப்பாங்க, அப்புறம் வெள்ளக் கோட்டு போட்ட ரெண்டு மூணு பேர் முன்னாடி மைக்கு கேமராவோட நிக்க வச்சு 5 நிமிஷம் பேச விடுவாங்க, பேச்சு முடிஞ்சதும் எதிர்பாக்காத நேரத்துல 1022ல இருந்து 13 13ஆ கழிச்சுட்டே வாங்கன்னு சொல்லுவாங்க, 1009, 996, 983ன்னு போகணும், ஒரு இடத்துல தப்பினாலும் "தப்பு, 1022ல இருந்து திரும்ப ஆரம்பிங்க". அவ்ளோ தான். ஊசி இல்ல, அடி இல்ல, ஆனா அந்த 1993 பேப்பர்லயே எச்சில் கார்டிசால் 2 மடங்குல இருந்து 4 மடங்கு வரைக்கும் ஏறினதா இருக்கு.

ஏன் இவ்ளோ ஏறுதுங்கறதுக்கு 2004ல டிக்கர்சன், கெமெனின்னு ரெண்டு பேரு 208 ஆராய்ச்சியை ஒண்ணா வச்சுப் பாத்தாங்க. கஷ்டமான வேலை குடுத்தா மட்டும் கார்டிசால் பெருசா ஏறாது, நாலு பேரு நம்மள எடை போடறாங்கங்கற நெனப்பும், இது என் கைல இல்லங்கற நெனப்பும் சேர்ந்தா தான் நல்லா ஏறுது, இறங்கவும் ரொம்ப நேரம் ஆகுதுன்னு சொன்னாங்க. நம்ம ஊர்ல இதைச் சொல்ல ஆராய்ச்சியே வேண்டாம், பொண்ணு பாக்க வந்தப்போ காபி டம்ளரோட நின்ன எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

ஆனா இந்த டெஸ்ட்டை நடத்தறது தான் பெரிய பாடு. முன்னாடி உக்கார்றவங்க முகத்துல ஒண்ணுமே தெரியக் கூடாது, சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது. எங்க முதல் ட்ரையல்ல பேனல்ல உக்காந்த அக்கா தங்கமானவங்க, ஸ்டூடண்ட்ஸுக்கெல்லாம் செல்லம். பையன் பேச ஆரம்பிச்சு ரெண்டாவது வரி கூட வரல, அக்கா "ம்"னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கே தெரியல சொன்னது. நாம எல்லாருமே அப்படித் தானே, யாரு என்ன சொன்னாலும் ம் கொட்டிக் கொட்டிக் கேக்கறவங்க, போன்ல ம் கொட்டலைன்னா "லைன்ல இருக்கியா"ன்னு கேப்போம். அந்த ஒரு "ம்" விழுந்ததும் பையன் தோள் அப்படியே கீழ இறங்குச்சு, குரல் நிதானமாயிடுச்சு, வீடியோவ திருப்பிப் போட்டுப் பாத்தா நல்லாத் தெரியுது. அப்புறம் அக்காவுக்கு நாலு நாள் ட்ரெயினிங், நான் எதிர்ல நின்னு வீட்டுக் கதை பேசுவேன், அவங்க ம் கொட்டாம கேக்கணும், மூணாவது நாள் அவங்களுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு, "இதைச் செய்யறதுக்கு நானே அந்தப் பக்கம் நின்னுக்கறேன் டி"ன்னாங்க. ஆனா ட்ரெயினிங் முடிஞ்சப்புறம் வந்த பசங்களுக்கு அந்த ம் இல்லாத அமைதி தான் வயித்துல புளியக் கரைச்சுது, கேமராவோ வெள்ளக் கோட்டோ கூட அவ்ளோ பண்ணல.

இன்னொரு சிக்கல் ஊர் சின்னது. பேனல்ல இருக்கறவங்க பசங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா பாதி டெஸ்ட் போச்சு, அதனால வேற காலேஜ்ல இருந்து ஆள் புடிக்கணும், அதுவும் ஒவ்வொரு மத்தியானமும் வரணும், அவங்களுக்கு டீ, பஸ் காசு. மூணாவதா கணக்கு. லீ பஜார்ல மண்டி வச்சிருக்கற வீட்டுப் பையன் ஒருத்தன் வந்தான், சின்ன வயசுல இருந்து கல்லால உக்காந்து வளந்தவன், 13 13ஆ கழிச்சு 700க்கு கீழ போயிட்டான் ஒரு தப்பு இல்லாம, நாங்க மூணு பேரும் முழிக்கறோம். இப்படி ஆளு வந்தா கழிக்கற நம்பரை மாத்தி இன்னும் கஷ்டமாக்கறதுன்னு முன்னாடியே எழுதி வச்சுக்கணும், அந்த நேரத்துல யோசிச்சா பேனல் தான் ஸ்ட்ரெஸ்ல இருக்கும். அப்புறம் மொழி, பேச்சை தமிழ்லயே வைங்க. இங்கிலீஷ்ல பேசச் சொன்னா தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளைக்கு அதுவே தனி பயம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு அது இல்ல, கடைசில நீங்க அளக்கறது ஸ்ட்ரெஸ்ஸா மீடியமான்னு உங்களுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சரியா சொல்றது இல்ல. இந்த டெஸ்ட்டை ஒரே ஆளுக்கு ரெண்டாவது தடவ வச்சா கார்டிசால் முதல் தடவ அளவுக்கு ஏறாது, என்ன நடக்கும்னு தான் தெரிஞ்சு போச்சே. நம்ம பக்கம் யோகா, பிராணாயாமம் தீசிஸ் நெறைய வருது, யோகாவுக்கு முன்னாடி ஒரு தடவ, எட்டு வாரம் கழிச்சு ஒரு தடவ, கார்டிசால் கம்மியாயிடுச்சு, யோகா வேலை செய்யுதுன்னு முடிச்சிடுவாங்க. யோகா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நானே காலைல பண்றவ தான், ஆனா யோகா பண்ணாத ஒரு கூட்டத்தையும் ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாக்காத வரைக்கும் அந்தக் குறைச்சல் பழக்கத்தால வந்துச்சா யோகாவால வந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது.

ரெண்டாவது ஆப்ஷன், கைடு மேடம் சொன்ன ஐஸ் தண்ணி, கோல்ட் ப்ரெஸ்ஸர் டெஸ்ட். 1930கள்ல ஹைன்ஸ், ப்ரவுன்னு ரெண்டு டாக்டருங்க பிபி எப்படி ஏறுதுன்னு பாக்கக் கொண்டு வந்தது. 0ல இருந்து 4 டிகிரி தண்ணில கைய மணிக்கட்டுக்கு மேல வரைக்கும் விட்டு 3 நிமிஷம் வரைக்கும் வைக்கணும், முடியலைன்னா எடுத்துக்கலாம். செலவு கம்மி, ஒரே ஆளு நடத்தலாம், தமிழ் இங்கிலீஷ் பிரச்சனை இல்ல, கல்லாப் பெட்டி பையன் பிரச்சனையும் இல்ல. பிபியும் நல்லா எகிறும். ஆனா கார்டிசால்? சுமாரா தான் ஏறும், நிறைய பேருக்கு ஏறவே ஏறாது. வலி இருக்கு, ஆனா யாரும் நம்மள எடை போடலையே. பிபி, நார்அட்ரினலின் பாக்கறவங்களுக்கு இது போதும், கார்டிசால் பாக்கறவங்களுக்கு இது மட்டும் பத்தாது.

சேலத்து வெயில்ல இன்னொரு தொல்லை, சித்திரை மாசம் மத்தியானம் மூணு மணிக்கு தெர்மாகோல் பெட்டில வச்ச ஐஸு உங்களுக்காகக் காத்திருக்காது. தண்ணி 4 டிகிரில இருக்குன்னு தெர்மாமீட்டர் காட்டும், ஆனா கைய சுத்தி இருக்கற தண்ணி மட்டும் உடம்புச் சூட்டுல வெதுவெதுப்பாயிடும், பையன் ஜம்முனு உக்காந்திருப்பான். சின்ன மீன் தொட்டி மோட்டார் ஒண்ணைப் போட்டு தண்ணிய ஓட விடணும், ஐஸ் கட்டி கைல நேரா படாம நடுவுல ஒரு வலை கட்டணும். நாங்க இதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு வாரம் போச்சு.

மூணாவது ஆப்ஷன் ரெண்டையும் கலந்தது. 2008ல ஷ்வாபே, ஹடாட், ஷாக்கிங்கர்னு மூணு பேரு என்ன பண்ணாங்கன்னா, அதே ஐஸ் தண்ணி, அதே 3 நிமிஷம், ஆனா எதிர்ல முகத்தைத் திருப்பாம பாத்துட்டே இருக்கற ஒரு ஆளு, ஒரு கேமரா, உங்க முகபாவத்தை வீடியோ எடுத்து ஆராயப் போறோம்னு ஒரு பேச்சு. பிபி ரெண்டு விதத்துலயும் ஒரே மாதிரி தான் ஏறுச்சு, ஆனா கார்டிசால் மட்டும் ஆளு பாத்தப்போ அதிகமா ஏறுச்சு. எனக்கு இந்த ஃபீல்டுல ரொம்பப் புடிச்ச ரிசல்ட்டு இது தான், தண்ணி அதே தண்ணி, குளிர் அதே குளிர், பாக்கறதுக்கு ஒரு ஆளு வந்து உக்காந்ததும் சுரப்பி வேற மாதிரி பேசுது.

நாலாவது, மாஸ்ட்ரிக்ட் அக்யூட் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், நெதர்லாந்துல இருந்து ஸ்மீட்ஸும் அவர் கூட இருந்தவங்களும் 2012ல எழுதினது. 5 நிமிஷம் என்ன நடக்கப் போகுதுன்னு விளக்கம், அப்புறம் 10 நிமிஷம் மாத்தி மாத்தி, கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணில கை, கைய எடுத்ததும் 2043ல இருந்து 17 17ஆ கழிக்கணும், 2026, 2009, 1992, தப்பினா திரும்ப முதல்ல இருந்து, மறுபடி கை தண்ணிக்குள்ள, எப்ப எவ்ளோ நேரம்னு ஆளுக்குத் தெரியாது, கேமராவும் ஓடிட்டே இருக்கும். இதுல கார்டிசால் ட்ரியர் டெஸ்ட்டுக்குப் பக்கத்துல வந்து நிக்கும், ஆனா ஒரு ரூம்ல ஒண்ணு ரெண்டு பேரு வச்சு முடிச்சிடலாம், பேச்சு கிடையாது, ம் கொட்டற பிரச்சனை பாதியாயிடுது.

கம்ப்யூட்டர்ல மட்டும் உக்காந்து பண்ற டெஸ்ட்டுங்களும் இருக்கு, மான்ட்ரியல்ல 2005ல ஸ்கேன் மிஷினுக்குள்ள படுத்துட்டே கணக்கு போடற மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க. ஸ்கேன் பண்றவங்களுக்கு அது சரி, நமக்கு ஸ்கேனும் இல்ல, ஏத்தமும் கம்மி, விடுங்க. கலர் பேரை வேற கலர் மைல எழுதி, மையோட கலரைச் சொல்லச் சொல்ற ஸ்ட்ரூப் டெஸ்ட்டும் அப்படித் தான், மண்டை காயும், கார்டிசால் அசையாது.

இப்ப எதுல இருந்து அளக்கறது. ரத்தமா, எச்சிலா.

ரத்தத்துல தான் எல்லாமே கிடைக்கும், ஏசிடிஹெச் வேணும்னா ரத்தம் தவிர வேற வழியே இல்ல, அட்ரினலின் நிமிஷக் கணக்குல எப்படி ஏறுதுன்னு பாக்கவும் ரத்தம் தான். ஆனா அட்ரினலின் ரத்தத்துல ரெண்டு மூணு நிமிஷத்துல பாதியாயிடும், ஏசிடிஹெச்சை ரத்தம் உறையாம வைக்கற ஈடிடிஏ டியூப்ல புடிச்சு உடனே ஐஸ்ல வச்சு கூலிங் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி உடனே ஃப்ரீசர்ல போடணும், கரண்டு போனா எல்லாம் போச்சு. அதை விடப் பெரிய சங்கடம் ஊசி. ஊசியைப் பாத்தாலே கார்டிசால் ஏறற ஆளுங்க இருக்காங்க, அதனால கைல கேனுலா, அதாவது ரத்தக் குழாய்ல சொருகியே வைக்கற சின்னக் குழல் போட்டு, குறைஞ்சது முக்கா மணி நேரம் சும்மா உக்கார வச்சு, அந்தப் பயம் அடங்கினப்புறம் தான் நம்ம டெஸ்ட்டை ஆரம்பிக்கணும். நர்ஸ் ஒருத்தர் முழு நேரமும் வேணும். அப்புறம் ரத்தத்துல இருக்கற கார்டிசால்ல பெரும் பங்கு புரதத்தோட ஒட்டிட்டு சும்மா சுத்திட்டு இருக்கறது, ஒட்டாம தனியா இருக்கற கொஞ்சம் தான் செல்லுக்குள்ள போயி வேலை பாக்கும். சாதாரண லேப்ல ரத்தத்துல அளந்தா ரெண்டையும் சேத்துத் தான் வரும்.

எச்சில்ல வர்றது அந்த ஒட்டாத பங்கு தான், அதான் எனக்கு எச்சில் மேல மரியாதை. இது எங்க முக்கியம்னா, கருத்தடை மாத்திரை சாப்பிடற பொண்ணுங்களுக்கு அந்தப் புரதம் கூடிடும், ரத்தத்துல கார்டிசால் அதிகமாத் தெரியும், எச்சில்ல ஸ்ட்ரெஸ்ஸுக்கு வர்ற ஏத்தம் கம்மியாத் தெரியும், ரெண்டு ரிப்போர்ட்டும் நேர் எதிரா நிக்கும். பீசிஓடிக்கு அந்த மாத்திரை சாப்பிடற பிள்ளைங்க நம்ம காலேஜுலயே எத்தனையோ பேரு, ஆனா ஃபார்ம்ல கருத்தடை மாத்திரையான்னு கேட்டா இல்லன்னு தான் டிக் போடுவாங்க, ஏன்னா அவங்களப் பொறுத்தவரைக்கும் அது பீரியட்ஸ் மாத்திரை. கேக்கற விதத்துல கேளுங்க, மாத்திரை அட்டையோட பேரைக் கேளுங்க. பீரியட்ஸ் எத்தனாவது நாள்ங்கறதையும் எழுதிக்கணும், மாதவிடாய் சுழற்சியோட ரெண்டாவது பாதில இருக்கற பொண்ணுங்களுக்கு எச்சில் கார்டிசால் பசங்களுக்கு சமமா ஏறும், முதல் பாதில கம்மியா ஏறும்.

எச்சில் எடுக்கறதுல ரெண்டு வழி. ஒரு சின்ன பஞ்சு உருளையை ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் வாயில வச்சு மென்னு டியூப்ல போடறது ஒண்ணு, ஸ்ட்ரா மாதிரி குழல் வழியா டியூப்ல ஒழுக விடறது இன்னொண்ணு. கார்டிசாலுக்கு ரெண்டும் ஓகே, வேற ஹார்மோனும் சேத்துப் பாக்கறதா இருந்தா சாதாரண காட்டன் பஞ்சு வேண்டாம், சில ஹார்மோனுக்கு அது ரிசல்ட்டையே மாத்திடும். ஒழுக விடறது தான் விலை கம்மி, ஆனா நம்ம ஊர்ல எச்சில்னா எச்சில், நாலு பேரு முன்னாடி டியூப்ல வாய வைக்கறதுன்னா கூச்சம். ஒரு பொண்ணு சுவத்தைப் பாத்துத் திரும்பி துப்பட்டாவால மறைச்சுட்டு அஞ்சு நிமிஷமா முயற்சி பண்ணுது, ஒரு சொட்டு வரல, ஏன்னா பயத்துல நாக்கு வறண்டு கெடக்கு, நாம தானே வறள வச்சோம். அதுக்கப்புறம் ஒரு ஸ்கிரீன் வாங்கிக் கட்டினோம், எல்லாருக்கும் பஞ்சுக்கு மாறினோம். பட்ஜெட்ல பஞ்சுக்கு எழுதிக்கோங்க, இதுல மிச்சம் புடிக்காதீங்க.

எச்சில்ல ஆல்ஃபா அமிலேஸ்னு ஒரு என்சைம், அது அந்த போன் அடிக்கற வழிக்கு அடையாளம் மாதிரி, டெஸ்ட் முடியறப்பவே உச்சில இருக்கும், பத்து நிமிஷத்துல இறங்கிடும். அதே டியூப்ல இருந்து கார்டிசாலும் அமிலேஸும் ரெண்டும் பாத்துக்கலாம், அட்ரினலினுக்கு ரத்தம் எடுக்க வேண்டியது இல்ல. அட்ரினலினுக்கு நேர் பதில் ஆகாது தான், எச்சில் எவ்ளோ வேகமா ஊறுதுங்கறதும் அதுல கலந்துக்கும், ஆனா இந்த பட்ஜெட்டுக்கு இது புத்திசாலித்தனம்.

முடில கூட கார்டிசால் பாப்பாங்களாமேன்னு தங்கச்சி கேட்டா. பாக்கலாம், முடி மாசம் ஒரு சென்டிமீட்டர் கணக்குல வளரும், மூணு சென்டிமீட்டர் வெட்டினா மூணு மாசக் கதை. இருபது நிமிஷத்துல ஏறி இறங்கற விஷயத்துக்கு அதுல இடமே இல்ல, அதுவும் பழனிக்கு மொட்டை போட்டுட்டு வந்த பையன் கிட்ட எதை வெட்டுவ.

இப்ப நாங்க வாங்கின அடிங்க. காலைல கார்டிசால் தானாவே உச்சில இருக்கும், எழுந்திருச்சு அரை மணில இன்னும் ஏறும், அப்புறம் நாள் முழுக்க இறங்கும், ஏற்கனவே மலை உச்சில நிக்கறவன இன்னும் மேல ஏத்த முடியாது, அதனால டெஸ்ட் எல்லாம் மத்தியானம் ரெண்டுல இருந்து அஞ்சுக்குள்ள, எழுந்த நேரத்தையும் கேட்டு எழுதிக்கணும். ஒரு பொண்ணு ஏற்காட்டுல இருந்து பஸ்ல வந்துச்சு, 20 ஹேர்பின் வளைவுலயும் வாந்தி. அடிவாரத்துல இறங்கி மூஞ்சி கழுவிட்டு வந்து உக்காந்தா முதல் சாம்பிளே டெஸ்ட்டுக்கு அப்புறம் எடுத்த சாம்பிளை விட அதிகம், குமட்டலே கார்டிசாலை ஏத்தி விடும்னு எங்களுக்கு அப்ப தோணல. மலைல இருந்து வர்றவங்கள காலைலயே வரச் சொல்லி கேன்டீன்ல உக்கார வைங்க.

கேன்டீன்னதும் ஞாபகம் வருது. ஒரு டியூப் ரோஸ் கலர்ல வந்துச்சு. எச்சில்ல ஈறு ரத்தம் கலந்தா கார்டிசால் தப்பா அதிகமாக் காட்டும், அதனால ரத்தம்னு நெனச்சு அந்தப் பையனையே லிஸ்ட்ல இருந்து எடுக்கப் போனோம், அப்புறம் விசாரிச்சா வர்ற வழில தட்டு வடை செட், அதுல துருவின பீட்ரூட்டு. இன்னொருத்தி மாங்காய்க்கு உப்பு மொளகாத்தூள் போட்டு ருசிச்சுட்டே வந்தா, புளிப்பு எச்சிலோட பிஹெச்சை இறக்கிடும், ஹார்மோனை அளக்கற எலைசா கிட்ல கார்டிசாலைப் புடிக்கற ஆன்டிபாடி ஒழுங்கா ஒட்டாது, நம்பர் கண்டபடி வரும். சேலத்துல மாங்கா சீசன்ல மாங்கா சாப்பிடாதீங்கன்னு சொன்னா யாரு கேப்பா, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி தண்ணி தவிர எதுவும் கூடாது, வந்ததும் வாய கொப்பளிச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு முதல் சாம்பிள்னு வச்சோம்.

அதுக்காக பட்டினியாவும் வரக் கூடாது, இது தான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை சமயத்துல வந்த ரெண்டு மூணு பிள்ளைங்க விரதம், கை நடுங்குது, அழற நிலைமை, கார்டிசால் கோடு மட்டும் நேரா கெடக்கு. கிர்ஷ்பாம் கூட்டமே 1997ல இதைக் காட்டியிருக்காங்க, வயிறு காலியா இருந்தா ஸ்ட்ரெஸ்ஸுக்கு கார்டிசால் மந்தமா தான் வரும், குளுக்கோஸ் குடிச்சுட்டு வந்தவங்களுக்கு நல்லா வரும். இப்ப நான் யாருக்கும் சொல்றது, மத்தியானம் நல்லா சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க, டீ காபி சிகரெட் வேண்டாம், ஆடி மாசத்துல டேட் போடாதீங்க.

கிட் கணக்கும் சொல்லிடறேன், இதுல தான் பட்ஜெட் மாட்டும். எலைசா பிளேட்ல 96 குழி. அளவு தெரிஞ்ச ஸ்டாண்டர்டு, சரிபாக்கற கண்ட்ரோல் எல்லாம் ரெண்டு ரெண்டா போட்டா ஒரு 18, 20 குழி போயிடும், மிச்சத்துல ஒவ்வொரு சாம்பிளும் ரெண்டு குழி, ஆக 38 சாம்பிள். ஆளுக்கு 5 சாம்பிள்னா பிளேட்டுக்கு 7 பேரு தான், 40 பேருக்கு 6 பிளேட். ஒரே ஆளோட அஞ்சு சாம்பிளும் ஒரே பிளேட்ல இருக்கணும், பிரிச்சுப் போட்டா பிளேட்டுக்குப் பிளேட் இருக்கற வித்தியாசம் ஸ்ட்ரெஸ் மாதிரியே தெரியும். மூலக்கூறை எடையை வச்சுப் பிரிச்சு அளக்கற மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி தான் உசத்தி, எச்சில் சுரப்பில ஒரு பங்கு கார்டிசால் கார்டிசோன்னு வேற ஒண்ணா மாறிடும், எலைசா ஆன்டிபாடி அதையும் கொஞ்சம் கார்டிசால்னு எண்ணிக்கும், மாஸ் ஸ்பெக் ரெண்டையும் பிரிச்சுடும். ஆனா நமக்கு வேணும்கறது அதே ஆளுக்கு முன்னாடிக்கும் பின்னாடிக்கும் எவ்ளோ ஏறுச்சுங்கறது தான், அதுக்கு எலைசா போதும். சாம்பிளை அஞ்சுல இருந்து மூணா குறைச்சு அந்தக் காசுல மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, உச்சி எங்கன்னு தெரியாம சுத்தமான நம்பரை வச்சு என்ன பண்ண. யூனிட்டும் பாத்துக்கோங்க, சில கிட்ல டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம், பேப்பர்ல லிட்டருக்கு நானோமோல், 27.59ஆல பெருக்கணும். முதல் அளவுல இருந்து லிட்டருக்கு 1.5 நானோமோலாச்சும் ஏறினா தான் அந்த ஆளுக்கு ஏறுச்சுன்னு 2013ல இருந்து நிறைய பேரு எடுத்துக்கறாங்க, அதுக்கு முன்னாடி 2.5ன்னு வச்சிருந்தாங்க, எதை எடுக்கறீங்களோ ஆரம்பத்துலயே எழுதிடுங்க, ரிசல்ட் வந்தப்புறம் எது சாதகமோ அதைத் தேர்ந்தெடுக்கற வேலை வேண்டாம்.

எத்திக்ஸ் கமிட்டி கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே யோசிச்சு வைங்க. ஹார்ட் பிரச்சனை, குளிர்ல விரல் வெளுத்துப் போறவங்க, ஸ்டீராய்டு மாத்திரை இன்ஹேலர் எடுக்கறவங்க வேண்டாம், யாரு எப்ப வேணாலும் எழுந்து போகலாம்னு சும்மா ஃபார்ம்ல மட்டும் இல்லாம வாயால சொல்லணும். டெஸ்ட் முடிஞ்சு கடைசி சாம்பிள் எடுத்ததும் பேனல்ல இருந்தவங்க உள்ள வந்து, சிரிக்காம இருந்தது நடிப்பு, உங்க பேச்சுல ஒரு குறையும் இல்லன்னு சொல்லி டீ குடிக்க வச்சு தான் அனுப்பணும். எங்க ம் அக்கா இந்தப் பகுதிக்காகவே வந்தாங்கன்னு நெனக்கறேன், ஒவ்வொரு பிள்ளையையும் கையப் புடிச்சு மன்னிப்பு கேட்டுட்டு தான் விடுவாங்க.

சரி, தங்கச்சிக்கு நான் சொன்னது. உன் கேள்வியே கூச்சம், மேடை பயம், இன்டர்வியூ பயம் பத்தினதா இருந்தா ட்ரியர் டெஸ்ட் தவிர வேற எதுக்கும் போகாத, பேனலுக்கு ஆள் கிடைக்கற வரைக்கும் தீசிஸை ஒரு மாசம் தள்ளிப் போடு, பரவால்ல. பிபி மட்டும் தான் வேணும்னா கைடு மேடம் சொன்ன வெறும் ஐஸ் தண்ணி. ஆனா உனக்கு வேணும்கறது கார்டிசால் நல்லா ஏறணும், ஆளு மூணே பேரு, ரூமு ஒண்ணு, அதனால மாஸ்ட்ரிக்ட் டெஸ்ட், எச்சில், பஞ்சு, எலைசா. சாம்பிள் அஞ்சு, வந்து உக்காந்து அரை மணி கழிச்சு ஒண்ணு, டெஸ்ட் முடிஞ்ச உடனே ஒண்ணு, அதுல இருந்து 10, 20, 40 நிமிஷத்துல ஒவ்வொண்ணு, முதல் ரெண்டுல அமிலேஸும் பாத்துக்கோ. ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல வைக்காத, ரெண்டு மணிக்கு ஒருத்தர், மூணே முக்காலுக்கு ஒருத்தர், ரெண்டாவது ஆளு முதல் ஆளை வராண்டால பாத்து "உள்ள என்ன பண்றாங்க"ன்னு கேக்க விடாத, அதுக்கு பின்பக்க கதவைத் திறந்து வை.

"மேடம் கேட்டா என்னக்கா சொல்றது"ன்னா. ஐஸ் தண்ணி தான் மேடம், கூட கொஞ்சம் கணக்கு சேத்திருக்கேன்னு சொல்லு, பொய் இல்லையேன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டா, நேத்து போன் பண்ணி மேடம் சரின்னுட்டாங்கன்னா, தை மாசத்துல ஆரம்பிக்கறாளாம். நான் திருப்பிச் சொன்னது ஒண்ணே ஒண்ணு தான், காலண்டரைப் பாத்து டேட் போடு, தை முகூர்த்த நாள்ல ஐஸ் கம்பெனிக்காரங்க கட்டி மொத்தத்தையும் கல்யாண மண்டபத்துக்கு ஏத்தி விட்டுடுவாங்க, உன் ஒரு பெட்டிக்காக யாரும் நிக்க மாட்டாங்க, முந்தின நாளே சொல்லி அட்வான்ஸ் குடுத்துடு.